ஈஸ்ட் மீதான வழக்கு: நோயாளியின் சொல்லும் கிளினிக்கின் காதும்

'கோதுமையை விட்டாச்சு, ஆனா வயிறு இன்னும் சரியாகலை. அப்போ ஈஸ்ட்தான் காரணமா இருக்கும்.' குளூட்டன் இல்லாத உணவுக்கு மாறியவர்களிடையே வெகுவாகப் புழங்கும் இந்தப் பேச்சுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. நான் மருத்துவன் அல்ல. உடலைப் பற்றிப் பேசும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்விதான் என்னை இதற்குள் இழுத்தது.

சீலியாக் நோயின் வரலாறே குற்றவாளியைத் தேடிய வரலாறுதான். 1888இல் லண்டனில் இந்நோயை விவரித்த சாமுவேல் கீ, குணமாவதென்றால் அது உணவின் வழியாகத்தான் என்றார். எந்த உணவு என்பது அவருக்குப் பிடிபடவில்லை. 1924இல் நியூயார்க்கின் சிட்னி ஹாஸ் குழந்தைகளுக்கு வாழைப்பழம் கொடுத்தார், தேறினார்கள். உண்மையில் காப்பாற்றியது வாழைப்பழமல்ல, தட்டிலிருந்து காணாமல் போன ரொட்டி.

கோதுமையைக் கையும் களவுமாகப் பிடித்தவர் ஹேக் நகரத்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கெ. வழக்கமான கதை இப்படிப் போகும்: 1944-45 குளிர்காலத்தில் நாஜி ஆக்கிரமிப்பில் நெதர்லாந்து பட்டினி கிடந்தது. துலிப் கிழங்கைத் தின்றார்கள். சுமார் 20,000 பேர் செத்தார்கள். ரொட்டியே இல்லாத அந்த நாட்களில் சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். பஞ்சம் பரிசோதனைக்கூடமாகிவிடும் இந்தக் கதையாடலில் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. கோதுமை நீக்கிய உணவை டிக்கெ 1930களின் நடுவிலேயே சோதிக்கத் தொடங்கிவிட்டார். ரொட்டியை நிறுத்தினால் பிள்ளைக்கு நல்லாகுது என்று ஒரு இளம் தாய் சொன்னதுதான் தூண்டுதல் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 1950இல் அவருடைய ஆய்வேடு வந்தது. பஞ்சம் புகழ்பெற்றுவிட்டது; அந்தத் தாயோ பெயரில்லாமல் ஒரு வாக்கியத்தில் வந்து போகிறாள்.

ஈஸ்ட் கதை பிறந்தது இன்னொரு இடத்தில். கிளினிக் காது கொடுக்காத இடத்தில். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துப் பர்மிங்ஹாமிலிருந்து ஓரியன் ட்ரஸ் 1978இல் எழுதினார். 1983இல் வில்லியம் குரூக்கின் 'தி ஈஸ்ட் கனெக்ஷன்' வந்தது. களைப்பு, மனச்சோர்வு, வயிற்று உப்புசம் எல்லாவற்றுக்கும் கேண்டிடா என்ற பூஞ்சையே காரணம் என்றார்கள். 1995இல் குரூக் பெண்களுக்கென்றே ஒரு நூல் எழுதினார். 'எல்லாம் உன் மனசுலதாம்மா' என்று திருப்பி அனுப்பப்படுகிறவளுக்கு, வலி நிஜம் என்று ஒருவர் சொல்வது எவ்வளவு பெரிய விஷயம்! அந்த ஆறுதலோடு சேர்ந்தே ஒரு சந்தையும் வந்தது. 1990இல் வெளியான ஒரு ஆய்வில், அதே பர்மிங்ஹாமில் 42 பெண்களிடம் நிஸ்டாடின் மருந்தையும் போலி மருந்தையும் ஒப்பிட்டார்கள். பிறப்புறுப்புத் தொல்லை குறைந்தது. களைப்பிலும் மனச்சோர்விலும் வித்தியாசமே இல்லை.

இதற்குள் ஒரு பெயர்க்குழப்பம் நடந்துவிட்டதைக் கவனிக்க வேண்டும். குடலில் வாழும் கேண்டிடா வேறு, ரொட்டியையும் பீரையும் நொதிக்க வைக்கும் சக்கரோமைசீஸ் வேறு. இரண்டுக்கும் ஈஸ்ட் என்று பெயர் இருப்பதால் ஒன்றின் மீதான குற்றச்சாட்டு மற்றதன் தலையில் விழுந்தது. சீலியாக் நோயாளிகள் பலரின் ரத்தத்தில் ரொட்டி ஈஸ்டுக்கு எதிரான ஆன்டிபாடி கிடைப்பது உண்மைதான். ஆனால் குளூட்டனை நிறுத்தினால் பலருக்கு அதுவும் மறைகிறது. புண்பட்ட குடலின் அடையாளமாக அதை வாசிக்கலாமே தவிர, புண்படுத்தியவனின் அடையாளமாக அல்ல.

அப்போ வலி பொய்யா? இல்லவே இல்லை. பீர் ஆலையில் மிஞ்சும் ஈஸ்டில் பார்லி ஒட்டியிருக்கும்; அதிலிருந்து எடுக்கும் ஈஸ்ட் சாறு சிலருக்கு ஆகாமல் போவது பார்லியின் குளூட்டனால். கரும்பு அல்லது பீட் பாகில் வளர்த்த ரொட்டி ஈஸ்டில் இந்தச் சிக்கல் இல்லை. சீலியாக் இல்லாமலேயே குளூட்டனை விட்ட 59 பேரை வைத்து ஆஸ்லோவில் நடந்த, 2018இல் வெளியான ஆய்வில் அதிகம் தொல்லை கொடுத்தது குளூட்டன் அல்ல, ஃப்ரக்டான் என்ற சர்க்கரைத் தொடர். அது கோதுமையிலும் இருக்கிறது, வெங்காயம் பூண்டிலும் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், மாவை நிதானமாகப் புளிக்க விட்டால் அந்த ஃப்ரக்டானில் பெரும்பகுதியைச் சிதைப்பது இதே ஈஸ்ட்தான். அவசரத்துக்குப் பொங்க வைக்கும் ஆலை ரொட்டியில் அதற்கு நேரம் கொடுப்பதில்லை.

ஈஸ்டுக்குப் பயந்து இட்லியை விடுகிறவர்கள் நம்மிலும் உண்டு. இட்லி மாவைப் புளிக்க வைப்பது பெரும்பாலும் லாக்டிக் பாக்டீரியா. அதை விட்டுவிட்டு, சாம்பாரில் போடும் கூட்டுப் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். பலவற்றில் மைதா சேர்த்திருப்பதைப் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.