முப்பத்தொன்பதும் மூவர் செய்த மொழியும்

சில ஆண்டுகளுக்கு முன், பருவத் தேர்வு முடிந்ததொரு மாலையில், மதிப்பெண் பட்டியலைத் திருத்த அமர்ந்தோம். தமிழ்த் தாளில் 39 பெற்றவர்களுக்குக் கருணை மதிப்பெண் ஒன்றளித்து 40 ஆக்குவதென்பது முடிவு. பட்டியல் எளியதோர் உரைக்கோப்பு. மாணவர் ஒருவருக்கு ஒரு வரி. பதிவெண், பெயர், தாள், மதிப்பெண் என்னும் நான்கு புலங்கள், இடையிடையே அரைப்புள்ளி. 39 என்பதைத் தேடி, கண்டவிடமெல்லாம் 40 என மாற்றும்படி கணிப்பொறிக்குக் கட்டளையிட்டோம். நொடியில் முடிந்தது. மறுநாள்தான் தெரிந்தது, 1139 என்னும் பதிவெண்ணுடைய மாணவி 1140 ஆகி, அடுத்தவளுடைய எண்ணில் அமர்ந்திருந்தாள். வரலாற்றுத் தாளில் 39 வாங்கியோரும் கரையேறியிருந்தனர்.

பிழை கணிப்பொறியுடையதன்று. எதை மாற்றவேண்டும் என்று சொன்னோமேயன்றி, எங்கே மாற்றலாகாது என்று சொல்லவில்லை. அதைச் சொல்வதற்கு உகந்த சிறு மொழியொன்று 1977ஆம் ஆண்டிலேயே பிறந்துவிட்டது என்பதைப் பின்னரே அறிந்தோம். அதன் பிறப்பிலும் மதிப்பெண் பட்டியலுக்குப் பங்குண்டு என்பது ஆசிரியத் தொழில் செய்யும் நமக்குச் சற்று ஆறுதல்.

அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலத்து மரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வுக்கூடம் அதன் பிறப்பிடம். 1969இல் அங்கே தொடங்கிய யூனிக்ஸ், இயன்றவற்றையெல்லாம் வரிவரியான உரையாக வைத்துக்கொள்ளும் இயல்புடையது. பயனர் கணக்குகளின் பட்டியல்கூட முக்காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட உரைக்கோப்புதான். வேண்டிய வரியைத் தேடித்தரக் கென் தாம்சனின் 'கிரெப்' இருந்தது. வரிக்குள் சொல்லை மாற்ற லீ மக்மேகனின் 'செட்' இருந்தது. இரண்டும் வரியை எழுத்துகளின் கோவையாகவே கண்டன. நான்காம் புலம் என்றால் என்னவென்று அவை அறியா. 39 ஓர் எண் என்பதையும் அறியா.

அக்கூடத்திலிருந்த ஆல்ஃபிரட் ஏஹோ, அருகிலிருந்த பல்கலைக்கழகமொன்றில் பாடமும் நடத்திவந்தார். மாணவர் மதிப்பெண், வரவுசெலவு போன்ற கணக்குகளை ஓரிரு வரி நிரல்களால் முடித்துவிட விரும்பினார். பீட்டர் வைன்பெர்கருக்குத் தரவுத்தளங்களில் நாட்டம். பிரையன் கெர்னிகன் மூன்றாமவர். மூவர் குடும்பப்பெயர்களின் முதலெழுத்துகளும் சேர்ந்து 'ஆக்' என்னும் பெயராயிற்று. 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்புடன் அது வெளியுலகை அடைந்தது.

அதில் ஒவ்வொரு விதிக்கும் இரண்டு பகுதிகள்: முன்னே நிபந்தனை, பின்னே செயல். கோப்பைத் திறப்பதும் வரிவரியாக நடப்பதும் புலங்களாகப் பிரிப்பதும் மொழியே செய்துகொள்ளும். இலக்கணம் பயின்றோர்க்கு இது புதிதன்று. மண் என்பதோடு குடம் சேர மட்குடம் ஆகிறது. மேடு சேர்ந்தால் மண்மேடாகவே நிற்கிறது. ணகர ஈறாய், வருமொழி முதல் வல்லினமாய், வேற்றுமைப் பொருளாய் இருந்தாலன்றித் திரிபில்லை. மாற்றத்தைக் காட்டிலும் அதன் எல்லையை வரையறுப்பதிலேயே நம் புணர்ச்சி விதிகளும் மிகுதியாக உழைக்கின்றன.

நம் பட்டியலுக்கு வேண்டியிருந்த விதியும் ஒன்றே. மூன்றாம் புலம் 'தமிழ்' எனவும் நான்காம் புலம் 39 எனவும் இருப்பின், நான்காம் புலம் 40 ஆகுக. பிறகு மாறிய வரி, மாறாத வரி எல்லாவற்றையும் அச்சிடுக. இரண்டாவதைச் சொல்ல மறந்தால் வெற்றுத்தாளே மிஞ்சும்.

இதிலும் ஒரு பள்ளம் உண்டு. நாம் விழுந்தே கற்றோம். புலமொன்றில் புதிய மதிப்பை இட்டால், ஆக் அவ்வரியைப் புதிதாகக் கோத்து எழுதும். எக்குறியால் கோப்பதென்று சொல்லாவிடில் வெற்றிடம் இட்டுவிடும். ஆகவே திருத்தப்படாத வரிகள் அரைப்புள்ளியோடும், திருத்திய வரிகள் இடைவெளியோடும் வந்து நின்றன. கருணை பெற்றவர் யார் யாரென்று பட்டியலே காட்டிக்கொடுத்தது! படிக்கும்போதொரு பிரிப்பான், எழுதும்போதொரு பிரிப்பான், இரண்டையும் சொல்லியாகவேண்டும். வெளியீட்டை அதே கோப்பின் பெயருக்குத் திருப்பிவிடுவது இதனினும் கொடிது. படிக்கத் தொடங்கும் முன்பே கோப்பு காலியாகிவிடும்.

1987இல் லாரி வால் வெளியிட்ட பெர்ல், ஆக்கிடமிருந்து நிறையப் பெற்றுக்கொண்டு அதன் இடத்தில் பெரும்பகுதியையும் எடுத்துக்கொண்டது. ஆயினும் ஆக் மறையவில்லை. மூவரும் அதைப் பற்றி 1988இல் எழுதிய நூல் 2023இல் இரண்டாம் பதிப்புக் கண்டது. மேற்கோள்குறிக்குள் வரும் காற்புள்ளியைப் பிரிப்பானாகக் கொள்ளாதிருக்கும் வசதியும் அப்போது சேர்ந்தது.

அதற்கு முந்தைய ஆண்டு, தம் எண்பதாம் வயதில், கெர்னிகன் ஒருங்குறியையும் ஆக்கிற்குக் கற்பித்தார். அதுவரை அவர்தம் ஆக்கிடம் 'தமிழ்' என்னும் சொல்லின் நீளத்தைக் கேட்டால் 15 என்று பைட்டுகளை எண்ணிச் சொல்லும். இப்போது 5 என்கிறது. இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணுகிறது. மூன்றெழுத்து என்று சொல்லவைக்க, நாமே இன்னும் ஒரு நிபந்தனை எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.