உப்புக்காற்றும் தூரமானிக் காமிராவும்

அந்தமான் தீவுகளில் காமிரா வைத்திருப்போர்க்குத் திருடனைக் காட்டிலும் பூஞ்சணத்திடமே அச்சம் அதிகம். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் மண் இது. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் மாறி மாறி நனைப்பதால், அலமாரியில் வைத்த தோல் உறை சில வாரங்களிலேயே பூத்துவிடும். உள்ளே லென்ஸின்மேல் சிலந்திவலைபோல நூலோடும். அப்பூஞ்சணம் கக்கும் அமிலம் முதலில் கண்ணாடியின் மேற்பூச்சையும், நாளடைவில் கண்ணாடியையுமே அரித்துவிடும். அதன்பின் துடைத்துப் பயனில்லை.

இத்தீவுகளுக்குக் காமிரா வந்த வரலாறு நீண்டது. 1872-இல் ஜார்ஜ் எட்வர்ட் டாப்ஸன் என்ற இராணுவ மருத்துவர் இங்கு வந்து பழங்குடி மக்களைப் படமெடுத்தார். 1890-களில் மாரிஸ் விடால் போர்ட்மன் என்ற ஆங்கில அதிகாரி லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்கென்று பெருந்தொகுப்பு ஒன்றை உருவாக்கினார். கட்டம் வரைந்த திரைக்கு முன் மனிதரை நிறுத்தி, பண்டத்தை அளப்பதுபோல் எடுத்த படங்களும் அதில் உண்டு. காணும்போது மனம் கூசுகிறது. ஆயினும், நோயால் அருகிப்போன அம்மக்களின் முகங்கள் பல இன்று அப்படங்களில் மட்டுமே எஞ்சியிருக்கின்றன.

தகடுகளையும் முக்காலியையும் சுமந்த காலம் 1925-க்குப் பின் மாறியது. ஜெர்மனியின் லைட்ஸ் நிறுவனம், ஆஸ்கார் பார்னாக் வகுத்த லைக்கா என்னும் சிறு காமிராவை அவ்வாண்டு லைப்சிக் சந்தையில் அறிமுகப்படுத்தியது. 1932-இல் வந்த இரண்டாம் லைக்காவிலும், ஸைஸ் நிறுவனத்தாரின் காண்டாக்ஸிலும் தூரமானி லென்ஸோடு இணைக்கப்பட்டிருந்தது. இரு சிறு சாளரங்களின் வழியே வரும் ஒரே பொருளின் இரண்டு உருவங்கள், லென்ஸைத் திருகத் திருக நெருங்கி ஒன்றாகும். பொருந்திய இடமே கூர்மையான இடம். லைக்காவில் லென்ஸின் பின்விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் சிறு நெம்புகோல் ஒன்று இவ்வேலையைச் செய்கிறது. அது மயிரிழை பிசகினாலும் சாளரத்தில் பொருந்திய முகம் படத்தில் மங்கிவிடும். படச்சுருளைக் கழுவிய பிறகே பிழை தெரியும் என்பதுதான் கொடுமை.

1957-ஐ ஒட்டி அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து இறக்குமதி இறுகிற்று. பழுதான காமிராவுக்கு மாற்று வாங்குவது அரிதாயிற்று. பழுது பார்ப்பவருக்கு மதிப்பு உயர்ந்தது. கல்கத்தாவில் மெட்ரோ சினிமாவை ஒட்டிய சந்து, பம்பாயில் கோட்டைப் பகுதி, டில்லியில் சாந்தினி சௌக்கின் கூச்சா சௌதரி ஆகியவை இத்தொழிலுக்குப் பெயர்பெற்ற இடங்கள். அவ்வூர்களில் வாழும் தமிழன்பர்கள் இவற்றைக் கடந்து போயிருப்பீர்கள். இங்கோ, 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேரிலிருந்து சென்னை ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர். கப்பலில் மூன்று நாள். அத்தனை தூரம் அனுப்பும் பொருளை யாரை நம்பி அனுப்புவது?

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். 1964-இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கையின் பயனாக இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சில கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. அம்மக்களை என் மாமனார் ஒரு மூன்றாம் லைக்காவால் படமெடுத்தார். அவர் மறைந்தபின் ஷட்டர் நின்றுபோன அக்காமிராவைப் பெருநகரம் ஒன்றில் ஒருவரிடம் அனுப்பினேன். பளபளவென்று திரும்பி வந்தது. படங்களோ பனிமூட்டம். மாமனாரின் குறிப்பேட்டைப் புரட்டினால், அதில் எழுதியிருந்த லென்ஸ் எண் வேறு, காமிராவில் இருந்த எண் வேறு! கேட்டதற்கு, வந்தபடியே திருப்பியனுப்பியதாகப் பதில் வந்தது. எண்ணைக் குறித்துக் கையொப்பம் வாங்காத என்னிடம் சான்று ஏது?

இரண்டாவதாகக் கண்ட பெரியவர் முதலில் திருகுகளின் தலையைத்தான் உருப்பெருக்கியால் பார்த்தார். “தப்பான திருப்புளி போட்டிருக்கிறார்கள்” என்றார். எண்கள் இரண்டையும் சீட்டில் எழுதி என்னிடம் தந்தார். ரப்பர் பூசிய துணித்திரையை மாற்றி, ஊசித்துளை விழுந்த பழைய திரையைப் பொட்டலமாக மடித்துக் கொடுத்தார். ஷட்டரின் வேகங்களைக் கருவியில் அளந்து, நொடியில் ஐந்நூற்றில் ஒரு பங்கு என்று பொறித்திருந்த வேகம் அவ்வளவுக்கு எட்டாது என்பதை மறைக்காமல் எழுதினார். லென்ஸை மட்டும் தொட மறுத்துவிட்டார். “இது அரித்த கண்ணாடி ஐயா, தேய்த்தால் இருப்பதும் போய்விடும், இதற்குக் கூலி வாங்க மாட்டேன்” என்றார்.

ஊர் திரும்பியதும் அபர்தீன் கரையில் நின்று, பழைய இருபது ரூபாய்த் தாளில் அச்சான காட்சியிலுள்ள வடக்கு விரிகுடாக் கலங்கரை விளக்கத்தை நோக்கிச் சாளரத்தில் கண் வைத்தேன். லென்ஸை முடிவிலிக் குறிவரை திருகினேன். இரண்டு விளக்கங்கள் நெருங்கி ஒன்றாயின. கச்சாலுக்குச் செல்ல அனுமதி வேண்டி விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன்; மாமனார் படமெடுத்த பிள்ளைகளுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கக்கூடும்.