ஜெராக்ஸ் மெஷின் மேல ஏன் அந்த நோட்டீஸ்?

அமெரிக்க நூலகங்களில் ஜெராக்ஸ் மெஷின் பக்கத்துல காப்பிரைட் எச்சரிக்கை ஒட்டியிருப்பாங்க. அதுக்குப் பின்னாடி ஒரு மருத்துவ வழக்கு இருக்குங்க.

வில்லியம்ஸ் அண்ட் வில்கின்ஸ், பால்டிமோரில் மருத்துவ இதழ்கள் வெளியிட்ட பதிப்பகம். அரசின் தேசிய சுகாதார நிறுவன நூலகமும் தேசிய மருத்துவ நூலகமும் இதழ்க் கட்டுரைகளை ஆராய்ச்சியாளர்களுக்கும் மற்ற நூலகங்களுக்கும் இலவசமா நகல் எடுத்துக் கொடுத்தன. முதல் நூலகம் மட்டும் 1970இல் 85,744 கோரிக்கைகளுக்கு நகல் கொடுத்தது.

அப்புறம் சந்தா யார் கட்டுவாங்க? பதிப்பகத்தோட கவலை நியாயமானதுதான். 1968இல் அரசு மேல வழக்குப் போட்டாங்க.

1972இல் விசாரணை ஆணையர் பதிப்பகம் பக்கம் நின்றார். 1973இல் கோர்ட் ஆஃப் கிளெய்ம்ஸ் 4-3 என்று அதை மாற்றியது. காரணம்? பதிப்பகத்துக்குப் பெரிய நட்டம் என்று நிரூபணம் இல்லை. நகலைத் தடுத்தால் மருத்துவ ஆராய்ச்சிதான் பாதிக்கும்.

1975இல் உச்சநீதிமன்றம் 4-4. ஒரு நீதிபதி பங்கேற்கல. சமமா நின்னா கீழ்த் தீர்ப்பு நிலைக்கும்; ஆனா நாடு முழுக்க முன்னுதாரணம் ஆகாது. நூலகங்களோட பயம் அப்படியே இருந்தது.

1976 சட்டத்தின் 108ஆம் பிரிவு வழி சொன்னது: வாசகரே இயக்கும் மெஷினில் எச்சரிக்கை ஒட்டியிருந்தா, அவர் செய்யும் மீறலுக்கு நூலகமும் ஊழியரும் பொறுப்பல்ல. நகல் எடுத்தவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

மருத்துவ அறிவு நோயாளிக்குப் போய்ச் சேரணும். அதை அச்சிடுறவங்களும் பிழைக்கணும். ரெண்டையும் யோசிச்சுதான் சட்டம் எழுதணும் மக்களே.