மண்ணுக்குள் போன கேஸ் தொட்டி

போன மாதம் வீட்டுக்குப் பின்னால் கார் நிறுத்த ஒரு செட் போடலாம் என்று பொடக்காளியைச் சமன் செய்தோம். கடப்பாரை போட்டுக்கொண்டிருந்தவர் ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, "ஐயா, உள்ள ஏதோ கட்டடம் இருக்குதுங்க. குத்துனாப் பொள்ளலாச் சத்தம் கேக்குது" என்றார். எனக்குப் பார்க்காமலே தெரிந்தது. 1988-ல் நாங்கள் பூமிக்குள் கட்டிய சாண எரிவாயுத் தொட்டி அது. வேலையை அத்தோடு நிறுத்தச் சொன்னேன். ஏன் நிறுத்தச் சொன்னேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் அந்தத் தொட்டியின் கதை.

எங்கள் ஊர் கோபிப் பக்கம். கட்டுத்தரையில் இரண்டு எருதுகள், மூன்று பசுக்கள், ஓர் எருமை. சமையல் எல்லாம் விறகிலும் தென்னை மட்டையிலும் பருத்திமாரிலும்தான். மழைக்காலத்தில் ஈர விறகை ஊதி ஊதியே அம்மாவுக்குக் கண் சிவந்து கிடக்கும். இரவில் இருமல். அதை ஒரு நோய் என்று அப்போது யாரும் நினைத்ததில்லை. அடுப்பங்கரை என்றால் அப்படித்தான் என்று இருந்துவிட்டோம்.

சாணத்திலிருந்து எரியும் வாயு வரும் என்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1897-லேயே பம்பாய் மாதுங்காவில் இருந்த தொழுநோயாளர் இல்லத்தில் கழிவிலிருந்து வாயு எடுத்து விளக்கு எரித்திருக்கிறார்கள். 1930-களின் கடைசியில் டெல்லியில் உள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் எஸ்.வி. தேசாய் என்ற விஞ்ஞானி மாட்டுச் சாணத்தை வைத்துச் சோதனை செய்தார். அதன் பிறகு ஜஷ்பாய் பட்டேல் என்பவர் 1950-களில் வீட்டுக்கு ஏற்ற வடிவம் ஒன்றை உருவாக்கினார். அதற்கு 'கிராமலட்சுமி' என்று பெயர். 1960-களில் காதி கிராமத் தொழில் ஆணையம் அதை எடுத்து நாடு முழுவதும் பரப்பியது. நம்மில் பலர் பார்த்த, மேலே இரும்பு டிரம் மிதக்கும் தொட்டி அந்த வழியில் வந்ததுதான்.

அதன் அமைப்பு எளிது. கிணறு போல வட்டமாகச் செங்கல் குழி. அதில் சாணமும் தண்ணீரும் சம அளவு கரைத்து ஊற்ற வேண்டும். அதன் மேல் கவிழ்த்த அண்டா மாதிரி ஒரு பெரிய இரும்பு டிரம். காற்றுப் புகாத இடத்தில் சாணத்தில் உள்ள நுண்ணுயிர்கள் வேலை செய்து வாயுவை உண்டாக்கும். அதில் பாதிக்கு மேல் மீத்தேன், மீதி பெரும்பாலும் கரியமில வாயு. வாயு சேரச் சேர டிரம் மேலே எழும்பும், எரிக்க எரிக்க இறங்கும்.

எங்கள் வீட்டில் 1975-ல் டிரம் வைத்தார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்புதான் பெட்ரோல், மண்ணெண்ணெய் விலை உலகம் முழுவதும் ஏறியிருந்தது. ரேஷன் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலம். நல்ல வேளையாக எங்களிடம் சாணம் இருந்தது. நாளைக்கு 50 கிலோ சாணம் போட்டால் இரண்டு கன மீட்டர் வாயு கிடைக்கும். ஐந்தாறு பேர் உள்ள குடும்பத்துக்குச் சமையல் முடிந்துவிடும். இன்றைய கணக்கில் சொன்னால், கிட்டத்தட்ட 16 நாளைக்கு ஒரு சிலிண்டர் மிச்சம்.

இன்னொரு லாபம் அப்பாவுக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது. சாணத்தை வறட்டி தட்டி எரித்தால் சாம்பல்தான் மிஞ்சும். வாயு எடுத்த பிறகு வெளியே வரும் சாணக் கரைசலோ நல்ல எருவாக வயலுக்குத் திரும்பிப் போகும். "அடுப்புக்கும் ஆச்சு, வயலுக்கும் ஆச்சு" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்வார். டிரம்மைப் பெண்பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டார். மேலே ஆடை படியாமல் இருக்கத் தினமும் காலையில் அதைப் பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றிவிடுவார். வருடம் ஒருமுறை துரு சுரண்டிக் கறுப்புப் பெயின்ட் அடிப்பார். டிரம் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்த்து, "இன்னிக்கு விருந்தாளி வந்தாலும் கவலையில்ல" என்பார்.

ஆனால் இரும்பு இரும்புதானே. சாண வாயுவில் கொஞ்சம் கந்தக வாயுவும் கலந்திருக்கும். உள்ளே ஈரம், வெளியே வெயில் மழை. 1980-களின் நடுவில் டிரம்மின் விளிம்பில் பொத்தல் விழ ஆரம்பித்தது. பற்றவைத்துப் பார்த்தோம், தார் பூசிப் பார்த்தோம். 1987 ஐப்பசி மழையில் ஒரே நாளில் மூன்று இடத்தில் விட்டுவிட்டது. டிரம் அப்படியே கீழே உட்கார்ந்துகொண்டது. புது டிரம் வாங்கலாம் என்றால், மொத்தத் தொட்டிச் செலவில் பெரும்பங்கு அந்த இரும்புக்குத்தான். இரும்பு விலையும் முன்போல் இல்லை.

அம்மா மறுபடியும் விறகடுப்புக்குப் போனார். பன்னிரண்டு வருடம் புகையில்லாமல் இருந்த கண், அந்த மழைக்காலத்தில் மீண்டும் சிவந்தது.

அப்போது நான் வேறு ஊரில் யூனியன் ஆபீசில் விரிவாக்க அலுவலராக இருந்தேன். 1981-82-ல் மத்திய அரசு தொடங்கிய தேசிய சாண எரிவாயுத் திட்டத்தில் ஊர் ஊராகப் போய் மானியத்தோடு தொட்டி கட்டச் சொல்வது என் வேலைகளில் ஒன்று. நாங்கள் சொன்னதெல்லாம் அப்போது புது வடிவம். சீனாவில் 1970-களில் லட்சக்கணக்கான வீடுகளில் முழுக்க மண்ணுக்குள் இருக்கும் தொட்டிகளைக் கட்டினார்கள். அதைப் பார்த்து 1978-ல் லக்னோவில் 'ஜனதா' என்ற வடிவம் வந்தது. 1984-ல் டெல்லியில் உள்ள அஃப்ரோ என்ற தொண்டு நிறுவனம் அதையும் சிக்கனமாக்கி 'தீனபந்து' என்று பெயர் வைத்தது. இரும்பே கிடையாது. செங்கல், சிமென்ட், மணல், ஜல்லி அவ்வளவுதான். கவிழ்த்த கிண்ணம் மாதிரி செங்கல் கூரை, அதன் மேல் மண். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்று பயிற்சி மையமே இருந்தது.

ஊராருக்கெல்லாம் சொன்ன நான், என் வீட்டில் சொல்ல முடியவில்லை. அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "டிரம்மு மேல இருந்துச்சு, ஓட்டை விழுந்தாக் கண்ணுல தெரிஞ்சுது, அடைச்சோம். நீ மண்ணுக்குள்ள பொதைக்கிறேங்கிற. உள்ள வெடிச்சா யாருக்குத் தெரியும்?" அந்தக் கேள்வி நியாயமானது. உண்மையில் அந்த வடிவத்தின் பலவீனமே அதுதான். கூரையில் தலைமுடி அளவு கீறல் இருந்தாலும் வாயு நிற்காது. நல்ல கொத்தனார் கிடைக்காமல் வீணாய்ப் போன தொட்டிகளை நானே பார்த்திருக்கிறேன். அதை அப்பாவிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

அம்மாதான் பேச்சை முடித்தார். "மேல இருந்தா என்ன, கீழ இருந்தா என்னங்க? பத்த வச்சா எரிஞ்சாச் செரி. நான் இன்னொரு மழைக்கு வெறகு ஊத மாட்டேன்." அப்பா அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

பயிற்சி எடுத்த கொத்தனார் ஒருவரை அழைத்து வந்தேன். குழியின் நடுவில் ஒரு முளை அடித்து அதில் கயிறு கட்டி, ஒவ்வொரு செங்கல்லையும் அந்தக் கயிற்றால் அளந்து அளந்து வைத்தார். அப்பா திண்டில் உட்கார்ந்து நாள் முழுக்க அந்தக் கயிற்றையே பார்த்தார். உள்பக்கம் பல தடவை பூச்சு. மேலே மண் போட்டு மூடி, சாணம் நிரப்பினோம். மூன்று வாரம் கழித்துப் பற்றவைத்தால், எரிந்து எரிந்து அணைந்தது. முதலில் வருவதில் கரியமில வாயுதான் அதிகம், திறந்து விட்டுவிடுங்கள் என்றேன். விட்டோம். பிறகும் தேறவில்லை.

அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. கொத்தனாரைக் கூப்பிட்டுக் கூரை மேல் இருந்த மண்ணை அள்ளிவிட்டுச் சோப்புத் தண்ணீர் ஊற்றினோம். வாயுக் குழாய் கூரைக்குள் இறங்கும் இடத்தில் குமிழி குமிழியாய் வந்தது. அந்த இடத்தைக் கொத்திப் புதிதாய்ப் பூசினார். நாலாம் நாள் காலையில் நீலத் தீ நின்று எரிந்தது. முதல் காபியை அம்மா கொத்தனாருக்குத்தான் கொடுத்தார்.

புதுத் தொட்டிக்கு அம்மா கொஞ்சம் பழக வேண்டியிருந்தது. டிரம்மின் கனம் ஒரே மாதிரி அழுத்துவதால் பழைய அடுப்பில் தீ எப்போதும் ஒரே சீராக இருக்கும். இதில் தொட்டி நிறைந்திருக்கும்போது வேகமாக எரியும், குறையக் குறையத் தணியும். அதனால் சோறும் பருப்பும் முதலில், ரசமும் பாலும் கடைசியில் என்று முறையை மாற்றிக்கொண்டார். கேஸ் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட டிரம் இல்லை. ஆனால் உள்ளே வாயு சேர்ந்தால் அது சாணக் கரைசலை வெளித்தொட்டிக்குத் தள்ளும். அங்கே எது வரை ஏறியிருக்கிறது என்று பார்த்தே அப்பா கணக்குச் சொல்ல ஆரம்பித்தார். பழைய டிரம் பழைய இரும்புக்காரரிடம் போன அன்று மட்டும் அவர் வீட்டில் இல்லை. தோட்டத்துக்குப் போய்விட்டார்.

அந்தத் தொட்டி 18 வருடம் ஓடியது. பெயின்ட் இல்லை, துரு இல்லை. அது நின்றதற்குக் காரணம் கீறல் அல்ல. மாடு இல்லை. டிராக்டர் வந்ததும் எருதுகள் போயின. அப்பா காலமான பிறகு பசுக்களும் ஒவ்வொன்றாய்ப் போயின. 2006-ல் கடைசிப் பசுவை விற்றோம். நாடு முழுவதும் ஏறத்தாழ 50 லட்சம் வீட்டுத் தொட்டிகள் கட்டினார்கள். அவற்றில் பலவும் எங்கள் தொட்டி நின்ற காரணத்தாலேயே நின்றிருக்கும்.

இப்போது, வேலையை ஏன் நிறுத்தச் சொன்னேன் என்பதற்கு வருகிறேன். ஓடாத தொட்டிக்குள்ளும் மீத்தேன், கந்தக வாயு, கரியமில வாயு தங்கியிருக்கலாம். மூச்சுவிடக் காற்று இருக்காது. எட்டிப் பார்க்க இறங்கியவரும், அவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்தே போன செய்திகளைப் பத்திரிகையில் நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்! கடப்பாரை போட்டவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அவர் நின்றிருந்த இடத்துக்குக் கீழேதான் கூரை.

வாயுக் குழாயையும் வெளித்தொட்டி மூடியையும் திறந்து பல நாள் காற்றாட விட்டோம். பீடி, தீப்பெட்டி எதுவும் பக்கத்தில் வரவிடவில்லை. பிறகு ஜேசிபி வைத்துத் தள்ளி நின்றே கூரையை உடைத்து, ஆள் இறங்காமல் மண்ணும் மணலும் போட்டு நிரப்பினோம்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் வீட்டிலும் இப்படி ஒரு தொட்டி மூடிக் கிடக்கும். எந்த இடம் என்பது உங்களுக்குத்தான் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியாது. நினைவிருக்கும்போதே கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள்.

உடைந்த கூரையிலிருந்து ஒரு செங்கல்லை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். உள்பக்கப் பூச்சு இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விரலால் தடவிப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை.