ஒரு தகர டிரம் சொன்ன போர்க்கதை

எங்க சிங்காநல்லூர்ல எந்த லேத் பட்டறை வாசலுக்குப் போனாலும் ஒரு பழைய தகர டிரம் நிற்கும். ஆயில் தீர்ந்ததும் அதில் தண்ணி பிடிப்பார்கள், துருப்பிடித்தால் எடைக்குப் போடுவார்கள். பி.காம் படிக்கிற எனக்கு அது வெறும் 'ஸ்கிராப் வேல்யூ'தான். அந்த டிரம்மை வைத்து ஒருத்தர் போரைப் பற்றிச் சிற்பம் செய்தார் என்று படித்தபோது சிரிப்புதான் வந்தது. முழுசாப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது...

அவர் பெயர் சந்திரகுப்த தேனுவர. இலங்கையின் சிங்களக் கலைஞர். 1990-களில் கொழும்பு முழுக்க ராணுவச் சோதனைச்சாவடிகள். சாலையை மறிக்க அங்கே வைத்தது இதே தகர டிரம்களைத்தான் (அவர்கள் சொல்வது பீப்பாய்). மேலே ராணுவ உடை மாதிரி பச்சையும் பழுப்புமாகப் பெயின்ட். தேனுவர அந்தப் பீப்பாய்களையே எடுத்து 1997-ல் கண்காட்சி வைத்தார். அந்தப் பாணிக்குப் பெயரே 'பேரலிசம்'!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த நிறம் காட்டுக்குள் ஒளிந்துகொள்வதற்கானது. நடுரோட்டில் நிற்கிற பீப்பாய்க்கு அது எதற்கு? எதை மறைக்க? எனக்குத் தோன்றுவது இதுதான்: தினமும் பார்த்துப் பார்த்து ஜனங்களுக்குப் பீப்பாயே கண்ணில் படாமல் போயிருக்கும். கூடவே போரும் பழகிப்போயிருக்கும். கண்காட்சிக்குள் கொண்டுவந்து நிறுத்தியதும்தான் அது மறுபடி 'தெரிகிறது'. 1983 ஜூலையில் வெடித்த கறுப்பு ஜூலைக் கலவரத்தை நினைவுபடுத்த, வருஷா வருஷம் ஜூலை 23-ஐ ஒட்டியே அவர் கண்காட்சி வைத்துவந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

இனி யாழ்ப்பாணம். 1981-ல் எரிக்கப்பட்ட நூலகம் நம் எல்லோருக்கும் தெரியும். சுமார் 97,000 புத்தகங்கள் சாம்பல். அந்தக் கட்டடத்தைத் திரும்பக் கட்டிய பிறகு, போர்நிறுத்தக் காலமான 2004-ல், அங்கேயே 'அகம் புறம்' என்று ஒரு கலைக் கண்காட்சி நடந்தது. (சங்க இலக்கியத்தில் போர் என்றால் புறம். இங்கே போர் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது!) அதில் ஓவியர் தா. சனாதனன் யாழ்ப்பாணத்து வீடுகளில் இருந்து போரோடு சம்பந்தப்பட்ட பொருட்களைச் சேகரித்து அடுக்கிவைத்தார். தலைப்பு, தமிழில் சொன்னால், 'வரலாறுகளின் வரலாறு'. ஒரே வரலாறு இல்லை, வீட்டுக்கு ஒரு வரலாறு. அவர் அந்தப் பொருட்களைச் செதுக்கவும் இல்லை, அழகுபடுத்தவும் இல்லை. வைத்திருந்தவர்களின் நினைவுதான் அதற்கு மதிப்பு.

கிங்ஸ்லி குணதிலக்க என்ற இன்னொரு கலைஞர் புத்தகங்களையே கருக்கி, அந்தப் பக்கங்களுக்கு நடுவே குட்டிக் குட்டி பொம்மைச் சிப்பாய்களை நிறுத்தினார். எந்த நூலகம் என்று விளக்கம் எழுதி ஒட்ட வேண்டியதே இல்லை.

இப்போது எதிர்ப்பக்கம். 2009 மே மாதம் போர் முடிந்த பிறகு இலங்கை அரசு கிளிநொச்சியில் ஒரு வெற்றிச் சின்னம் வைத்தது. பெரிய கான்கிரீட் கட்டி, அதைத் துளைத்துப் பிளக்கும் ஒரு குண்டு, உச்சியில் பூத்த தாமரை. அர்த்தம் புரிய அரை நிமிஷம் போதும். பிரச்சனை, அமைதி, முடிந்தது கதை! அங்கே செத்த சாதாரண ஜனங்கள் அந்தக் கணக்கில் எந்தப் பக்கத்திலும் வரவில்லை. பேலன்ஸ் ஷீட்டில் ஒரு முழுப் பக்கத்தையே விட்டுவிட்டு 'டாலி ஆகிவிட்டது' என்று சொல்வது போல.

நம்ம பக்கமும் பார்க்கலாம். தஞ்சாவூர் விளாரில் 2013 நவம்பரில் திறந்த முள்ளிவாய்க்கால் நினைவு முற்றத்தில் அந்தச் சாவுகளைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். அரசு விட்ட பக்கத்தை அது எழுதுகிறது. திறந்த சில நாளிலேயே அதன் சுற்றுச்சுவரை அதிகாரிகள் இடித்தார்கள். 2021 ஜனவரி 8 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியும் இடிக்கப்பட்டது. மாணவர்கள் போராடினார்கள், அதே வருஷம் ஏப்ரலில் திரும்ப எழுந்தது. நம்ம வயசுப் பசங்க என்பதால் இந்தச் செய்தி என்னை ரொம்பவே பாதித்தது.

என் கருத்து இதுதான். கல்லும் வேண்டும், ஏனென்றால் ஜனங்கள் கூடி அழ ஒரு இடம் வேண்டும். ஆனால் கல்லில் வருவது ஒருவர் யோசித்து முடிவு செய்த சின்னம். தாமரை அமைதி என்றால் அமைதி, அவ்வளவுதான். பீப்பாயும் கருகிய புத்தகமும் வீட்டுப் பொருளும் அப்படி இல்லை. போர் நடந்தபோது அந்த மாதிரிப் பொருட்கள் அங்கேயே இருந்தன. அவை சின்னம் என்பதைவிடச் சாட்சி என்று சொல்வதுதான் சரி. சாட்சி தீர்ப்புச் சொல்லாது. பார்க்கிற நம்மைக் கேள்விதான் கேட்கும்.

நேற்று காலேஜ் விட்டு வரும்போது பட்டறை வாசல் டிரம்மைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றேன். 'என்ன தம்பி, எடைக்கு எடுக்கறீங்களா?' என்று கேட்டார் பட்டறைக்கார அண்ணன். 'இல்லைங்ண்ணா, சும்மா பார்த்தேனுங்க' என்றேன்.

உங்க வீட்டில் அப்படி ஒரு சாட்சி இருக்கிறதா? இருந்தால் சொல்லுங்கள், கேட்க ஆசை.