வீட்டிலேயே காலை சீரியல்: சர்க்கரை எவ்வளவு என்பதை நீங்களே முடிவு செய்வது எப்படி?

அவசரமாக ஆபீஸ் கிளம்பும் காலையில் கிண்ணத்தில் சீரியலைக் கொட்டி, பாலை ஊற்றினால் வேலை முடிந்தது. பாக்கெட்டின் முன்பக்கத்தில் 'முழுதானியம்', 'நார்ச்சத்து நிறைந்தது' என்றெல்லாம் இருக்கும். ஆனால், அது உண்மையில் எப்படிப்பட்டது என்று தெரிய பின்பக்க அட்டவணையைத்தான் பார்க்கணும்.

லேபிளில் என்ன பார்க்க வேண்டும்?

எஃப்எஸ்எஸ்ஏஐ விதிகளின்படி, 100 கிராமில் மொத்தச் சர்க்கரை எவ்வளவு, சேர்க்கப்பட்ட சர்க்கரை எவ்வளவு என்பதை நிறுவனங்கள் அச்சிட வேண்டும். மூலப்பொருட்கள் எடை அதிகமானதில் தொடங்கி இறங்குவரிசையில் இருக்கும். சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், தேன் ஆகியவை முதல் மூன்று இடங்களுக்குள் வந்தால் உஷார்.

ஓர் உதாரணம். 100 கிராமில் சேர்த்த சர்க்கரை 25 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 'ஒரு பரிமாறல் 30 கிராம்' என்று பாக்கெட் சொன்னால், அதில் சர்க்கரை 7.5 கிராம். ஆனால் கண்ணளவில் கொட்டும்போது 60 கிராம் விழுந்தால், அது 15 கிராம் ஆகிவிடும். அதாவது, கிட்டத்தட்ட 4 டீஸ்பூன்.

சேர்க்கும் சர்க்கரை, தேன், பழச்சாறு ஆகியவற்றிலிருந்து வரும் சர்க்கரை, ஒரு நாள் ஆற்றலில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் (2015). 5 சதவீதத்துக்குக் கீழே என்றால் இன்னும் நல்லது. 2,000 கிலோ கலோரி சாப்பிடுபவருக்கு இது முறையே 50 கிராம், 25 கிராம். காபி குடிக்கும் முன்பே 15 கிராம் போய்விட்டால் மிச்சம் எவ்வளவு என்று பாருங்க.

என்னென்ன தேவை?

- ரோல்டு ஓட்ஸ்: 300 கிராம்
- மெல்லிய அவல்: 100 கிராம்
- வேர்க்கடலை: 100 கிராம்
- பூசணி விதை: 40 கிராம்
- உலர்திராட்சை: 40 கிராம்
- எள்: 20 கிராம்
- பட்டைத்தூள்: அரை டீஸ்பூன்

மொத்தம் 600 கிராம். 50 கிராம் வீதம் 12 கிண்ணம் வரும். இன்ஸ்டன்ட் ஓட்ஸ் பாலில் சீக்கிரம் குழைந்துவிடும். ஸ்டீல் கட் ஓட்ஸை வேகவைக்காமல் சாப்பிட முடியாது. அதனால் ரோல்டு ஓட்ஸ்தான் சரி.

எப்படிச் செய்வது?

1. அடிகனமான வாணலியில் சிறுதீயில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்கவும். எல்லாம் ஒரே நேரத்தில் வறுபடாது. சேர்த்துப் போட்டால் எள் கருகிவிடும், கடலை பச்சையாகவே இருக்கும்.
2. ஓட்ஸை வாசனை வரும்வரை, அவலை மொறுமொறுப்பாகும்வரை, எள்ளையும் பூசணி விதையையும் பொரியும்வரை, கடலையைத் தோல் உரியும்வரை வறுக்கவும்.
3. தட்டில் பரப்பி முழுசா ஆறவிடவும். சூட்டோடு மூடினால் ஆவி தங்கி நமத்துவிடும்.
4. கடைசியாகத் திராட்சை, பட்டைத்தூள் சேர்த்துக் கலந்து, ஈரமில்லாத, காற்றுப் புகாத டப்பாவில் வைக்கவும்.

கடலையிலும் விதைகளிலும் எண்ணெய் இருப்பதால் நாள்பட்டால் சிக்கு வாடை வரும். இரண்டு, மூன்று வாரத்தில் தீரும் அளவுக்கு மட்டும் செய்யுங்க. பூசணம் பிடித்த கடலையை வறுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீங்க. பூசண நச்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. அதைத் தூக்கிப் போடுவதே பாதுகாப்பு.

ஒரு கிண்ணத்தில் என்ன கிடைக்கும்?

தோராயமாகக் கணக்கிட்டால், 50 கிராமில் 210 கிலோ கலோரி, 7 கிராம் புரதம், 4 கிராம் நார்ச்சத்து. 200 மில்லி பால் சேர்த்தால் புரதம் 13 கிராமைத் தாண்டும். சேர்த்த சர்க்கரை பூஜ்யம். திராட்சையிலிருந்து வருவது சுமார் 2 கிராம் மட்டுமே.

தேன், நாட்டுச்சர்க்கரை போடலாமா?

போடலாம், ஆனால் அவற்றையும் சர்க்கரைக் கணக்கில்தான் எழுதணும். இந்த அளவுக்கு 60 கிராம் நாட்டுச்சர்க்கரை கலந்தால், ஒவ்வொரு 50 கிராமிலும் சுமார் 4.5 கிராம் ஏறும். மொத்தமாகக் கலக்காமல், சாப்பிடும்போது வாழைப்பழம் நறுக்கிப் போட்டால் இனிப்பும் கிடைக்கும், அளவும் உங்கள் கையில் இருக்கும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

வேர்க்கடலை அல்லது எள் அலர்ஜி இருப்பவர்கள் அவற்றைத் தவிர்க்கணும். நீரிழிவு உள்ளவர்கள், 'சர்க்கரை போடலையே' என்று அளவில்லாமல் சாப்பிடக் கூடாது. ஓட்ஸும் அவலும் மாவுச்சத்துதான். எவ்வளவு சாப்பிடலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றவர்களுக்கும் ஒரு யோசனை: முதல் முறை மட்டும் கிச்சன் தராசில் 50 கிராம் நிறுத்து, அது உங்கள் கிண்ணத்தில் எதுவரை வருகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நாளிலிருந்து தராசு தேவைப்படாது.