கலவையும் தனிச்சரக்கும்

அம்பத்தூரில் குடியிருந்த நாட்களில் எனக்கு முறைக்காய்ச்சல் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் தூக்கிப்போடும். விரலில் குத்தி ரத்தம் பார்த்து, மலேரியா என்று மாத்திரை கொடுத்தார்கள். வீட்டுக்கார அம்மா நிலவேம்புக் குடிநீரோடு வந்தார். "அதையும் போடு, இதையும் குடி தம்பி." கேட்டது மாத்திரைதான், எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் டாக்டர் சொன்னது இன்னும் உறுத்துகிறது: "ஒம்பது சரக்க ஒண்ணாக் காய்ச்சுனா எது வேலை செய்யுதுன்னு யாருக்குத் தெரியும்? கலவையெல்லாம் மருந்தா?"

இது அறிவியலின் குரல்தானா? 1820இல் பெல்லெட்டியேவும் காவெந்துவும் பாரிஸில் சிங்கோனாப் பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தார்கள். 1860களில் அந்த மரம் நீலகிரிக்கு வந்தது. செழித்து வளர்ந்ததோ சிவப்புப் பட்டை. அதில் குயினைன் குறைவு, மற்ற ஆல்கலாய்டுகள் அதிகம். விளைந்ததை என்ன செய்வது? 1866இல் சென்னை, பம்பாய், வங்காள மாகாணங்களில் குழுக்கள் அமைத்து, குயினைன், குயினிடின், சிங்கோனின், சிங்கோனிடின் நான்கையும் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மற்ற மூன்றும் ஏறக்குறைய குயினைனுக்கு இணை என்றது சென்னைக் குழு. பிறகு வங்காளத்தில் எல்லா ஆல்கலாய்டுகளையும் பிரிக்காமல் சேர்த்தே 'சிங்கோனா காய்ச்சல் மருந்து' என்று மலிவாகத் தயாரித்தார்கள். 1930களில் சர்வதேச சங்கம் இத்தகைய கலவைக்கு டோட்டாகுயின் என்று பெயரும் வைத்தது. சுத்தமான குயினைன் காசுள்ளவனுக்கு, கலவை ஏழைக்கு. அரசின் கணக்குப் புத்தகத்துக்குத் தேவைப்பட்டபோது கலவையும் மருந்தாகத்தான் இருந்தது!

அது அளந்த கலவை, வைத்தியர் அடுப்பிலுள்ளது அப்படியா என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பாரம்பரியம் என்பதாலேயே ஒன்று மருந்தாகிவிடாது; மலேரியாவுக்கு மாத்திரையை விட்டுவிட்டுக் குடிநீரை நம்பச் சொல்பவன் உயிரோடு விளையாடுகிறான். நான் கேட்பது வேறு: எதை அளக்கிறோம்?

சீனாவின் து யூயூ 1971இல் தடுமாறிய இடமும் இதுதான். சிங்ஹாவ் செடியின் சாறு ஒருமுறை வேலை செய்தது, மறுமுறை செய்யவில்லை. நான்காம் நூற்றாண்டின் கே ஹாங் அதைக் காய்ச்சச் சொல்லவில்லை, தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொன்னார் என்பது அவர் கண்ணில் பட்டது. சூடு கெடுக்கிறதோ என்று, குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு எடுத்தார். ஆர்ட்டிமிசினின் கிடைத்தது, 2015இல் நோபல். செடியின் பெயரை மட்டுமல்ல, செய்முறையையும் படித்தார்.

நம் ஆய்வுக்கூடங்கள் பலவும் நிலவேம்பைத் தனியே பொடித்து மெத்தனாலில் ஊறவைத்துத்தான் சோதிக்கின்றன. வீட்டுக்கார அம்மா ஒன்பது சரக்கையும் தண்ணீரில் போட்டு நாலுக்கு ஒண்ணாக வற்றவைத்தார்.